'முத்திப்போச்சு'ன்னா முடிஞ்சுபோச்சா? உணவுக்குழாய் புற்றுநோய்க்கு கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துத் தருவது ஏன்?

கொட்டிவாக்கத்தில் இருக்கும் எங்க பெரியப்பாவுக்கு முதலில் சிக்கியது சப்பாத்தி. நெஞ்சுக்கு நடுவில் ஏதோ நிற்கிற மாதிரி இருக்கு என்று ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார், இறங்கிவிட்டது. "அவசர அவசரமா முழுங்குனா அப்படித்தான்" என்று பெரியம்மா திட்டியதோடு விஷயம் முடிந்தது. அடுத்த மாதம் தோசை ஓரம் சிக்கியது. அப்புறம் மீன் குழம்புச் சோறு. பொங்கலுக்கு நான் போனபோது, இட்லியை சாம்பாரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஈ.சி.ஆர் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர். நின்றுகொண்டே வேலை, அடுப்பிலிருந்து இறக்கிய டீயை ஆற்றாமல் ஒரே மூச்சில் குடிக்கும் பழக்கம், வாயில் எப்போதும் வெற்றிலை, பாக்கு, புகையிலை. ஒன்பது கிலோ இறங்கியிருந்தார். "சுகர் கன்ட்ரோல்ல இருக்குல்ல, அதான் இளைச்சிருக்கேன்" என்றார். கல்லாப்பெட்டிக்குள் அசிடிட்டி மாத்திரை காலி அட்டைகள் ஒரு கட்டு இருந்தன.

எண்டோஸ்கோபி செய்தார்கள். சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். உணவுக்குழாயின் நடுப்பகுதியில் புற்றுநோய். ஸ்கேன் எல்லாம் முடிந்த பிறகு மருத்துவர் சொன்னது மூன்றே வாக்கியம். "கட்டி கொஞ்சம் அட்வான்ஸ்டா இருக்கு. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் குடுத்துடலாம்."

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்த மூன்று வாக்கியமும் வேறு மூன்றாக மாறியிருந்தன. முத்திப்போச்சாம். ஆபரேஷனே பண்ண முடியாதாம். சும்மா ரெண்டையும் போட்டுப் பாக்குறாங்களாம்.

அன்றைக்கு ராத்திரி பதினோரு மணி வரை போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு மாமா, "எதுக்கு அவரைப் போட்டு வதைக்கணும், இருக்குற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்" என்றார். பெரியப்பா பக்கத்து அறையில் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அந்த ராத்திரிதான். ஏனென்றால் மருத்துவர் சொன்னதற்கும் நாங்கள் புரிந்துகொண்டதற்கும் இடையே இருந்த தூரம், ஒரு மனிதனின் சிகிச்சையையே நிறுத்தியிருக்கும்.

'அட்வான்ஸ்டு' என்ற சொல்லுக்குள் இரண்டு நோய்கள்

தமிழில் நாம் 'முற்றிய நிலை' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். மருத்துவர்களுக்கு அது இரண்டு வேறு நிலைமைகள்.

முதலாவது, கட்டி இருக்கிற இடத்திலேயே ஆழமாக ஊன்றியிருக்கிறது. உணவுக்குழாயின் சுவரைத் தாண்டியோ, பக்கத்து நெறிக்கட்டிகளுக்கோ போயிருக்கிறது. ஆனால், கல்லீரல், நுரையீரல், எலும்பு என்று தொலைவுக்குப் பரவவில்லை. இதை 'அந்த இடத்தளவில் முற்றியது' என்று சொல்லலாம். இரண்டாவது, தொலைவு உறுப்புகளுக்கே பரவிவிட்டது.

முதல் நிலையில் சிகிச்சையின் இலக்கு குணப்படுத்துவது. கீமோ, ரேடியேஷன் இரண்டையும் ஒரே நேரத்தில் தருவது பெரும்பாலும் இந்த நிலைக்குத்தான். இரண்டாவது நிலையில் இலக்கு வேறு: நோயைக் கட்டுக்குள் வைப்பது, விழுங்க வைப்பது, வலியைக் குறைப்பது. அங்கே கீமோ, இம்யூனோதெரபி, அடைப்பை விரிக்கும் ஸ்டென்ட், விழுங்குவதற்காக மட்டும் சில நாள் ரேடியேஷன் என்று வேறு வழிகள். அவையும் தேவையான சிகிச்சைகள்தான். ஆனால், இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எனவே, மருத்துவர் 'அட்வான்ஸ்டு' என்று சொன்னவுடன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த சிகிச்சை குணப்படுத்தவா, இல்ல கஷ்டத்தைக் குறைக்கவா?" கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கும். எங்க அக்கா மறுநாள் போய்க் கேட்டுவிட்டாள். "குணமாக்கத்தான் பாக்குறோம்மா. கேரன்டி தர முடியாது. ஆனா அதுக்குத்தான் இவ்ளோ மெனக்கெடுறோம்" என்றார் மருத்துவர். வீட்டுப் பேச்சு அன்றோடு மாறியது.

ஏன் நேராக ஆபரேஷன் செய்வதில்லை?

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தசைக் குழாய். முன்னால் மூச்சுக்குழாயும் இதயமும், பின்னால் முதுகெலும்பு, ஒட்டியபடியே மகாதமனி. குடலுக்கும் இரைப்பைக்கும் வெளியே உறை மாதிரி ஒரு மெல்லிய சவ்வு உண்டு. உணவுக்குழாயின் பெரும்பகுதிக்கு அது கிடையாது. சுவரைத் தாண்டினால் கட்டி நேராகப் பக்கத்து வீட்டுக்குள் போய்விடும்.

இன்னொரு சிக்கல், இந்தக் குழாய் நன்றாக விரிந்துகொடுக்கும். உள்ளே கட்டி வளர்ந்தாலும் பக்கவாட்டில் நெகிழ்ந்து உணவுக்கு வழிவிடும். அதனால், சப்பாத்தி சிக்குகிற நாளில் கட்டி ஏற்கெனவே கணிசமாக வளர்ந்திருக்கும். உணவுக்குழாய் புற்றுநோயோடு வருகிறவர்களில் பலர் முற்றிய நிலையில் வருவதற்கு அவர்களுடைய அலட்சியம் மட்டும் காரணம் இல்லை. அந்த உறுப்பு அப்படி.

இந்த நிலையில் எடுத்த எடுப்பில் கத்தி வைத்தால், ஓரத்தில் புற்றுசெல்கள் மிச்சமிருக்கும் வாய்ப்பு அதிகம். ஆபரேஷனும் சின்னது இல்லை. உணவுக்குழாயின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய் போலத் தைத்து மேலே இழுத்து இணைப்பார்கள். நெஞ்சு, வயிறு, சில சமயம் கழுத்து என்று இரண்டு மூன்று இடங்களில் வேலை நடக்கும். அவ்வளவு பெரிய ஆபரேஷனைச் செய்துவிட்டு நோயையும் உள்ளே விட்டுவைப்பதில் யாருக்கும் லாபமில்லை. 'இப்போதைக்கு' ஆபரேஷன் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதில் அந்த 'இப்போதைக்கு'தான் முக்கியமான சொல். அதை நாங்கள் காதில் வாங்கவே இல்லை.

அடையாறில் ஒரு முன்கதை

கொட்டிவாக்கத்திலிருந்து திருவான்மியூர், எல்.பி. ரோடு, அடையாறு சிக்னல் வழியாக சர்தார் பட்டேல் சாலைக்குத் திரும்பினால் வருவது அடையாறு புற்றுநோய் நிறுவனம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து உருவாக்கிய கனவு அது. 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் அங்கே சேர்ந்து 2021-ல் தன் 93-வது வயதில் மறையும் வரை அதை விட்டு நகராத டாக்டர் சாந்தாவும்தான் அந்த இடத்தை வளர்த்தவர்கள். இந்தியாவின் முதல் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி 1950-களில் அங்கேதான் வந்தது.

அந்தக் காலத்தில் அவர்கள் முன்னால் வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் வெற்றிலை, புகையிலையால் வாய்ப்புற்று முற்றிப்போன ஏழைகள். கதிர்வீச்சு மட்டும் கொடுத்தால் கட்டி சுருங்கும், மறுபடி வளரும். கதிர்வீச்சோடு கூடவே ஒரு மருந்தையும் சேர்த்தால் என்ன என்று இருவரும் முயன்றார்கள். பிளியோமைசின் என்ற மருந்தைக் கதிர்வீச்சோடு இணைத்து வாய்ப்புற்றில் கிடைத்த பலனை 1980-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கச் சாதாரணமாகிவிட்ட ஒரு யோசனையை, நம்ம ஊரில், வெற்றிலைக்கறை படிந்த வாய்களைப் பார்த்துப் பார்த்து அவர்கள் சோதித்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சர்யமாகவே இருக்கிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் நூறு முறை போயிருப்பேன், இது தெரியாது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நார்மன் நீக்ரோ என்ற அறுவை சிகிச்சை நிபுணர், ஆசனவாய்ப் புற்றுநோயாளிகள் மூவருக்கு ஆபரேஷனுக்கு முன்னால் கட்டியைச் சுருக்கலாமே என்று கீமோவையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்தார். இருவருக்கு ஆபரேஷன் செய்து எடுத்த பகுதியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, புற்றுநோயே அங்கே இல்லை. மூன்றாவது ஆள் ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கும் கட்டி கரைந்திருந்தது. 1974-ல் அவர் இதை எழுதினார்.

உணவுக்குழாய்க்கு இது பொருந்துமா என்ற கேள்விக்கு 1992-ல் அமெரிக்காவிலிருந்து ஒரு தெளிவான பதில் வந்தது. ஒரு குழுவுக்கு 64 கிரே அளவு கதிர்வீச்சு மட்டும். இன்னொரு குழுவுக்கு அதைவிடக் குறைவாக 50 கிரேதான், ஆனால் கூடவே சிஸ்பிளாட்டின், 5-எஃப்.யு என்ற இரண்டு கீமோ மருந்துகள். (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு.) இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 10 சதவிகிதம் பேர் உயிரோடு இருந்தார்கள். சேர்த்துப் பெற்றவர்களில் 38 சதவிகிதம். வித்தியாசம் அவ்வளவு வெளிப்படையாக இருந்ததால், ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தி, அதற்குப் பிறகு வந்த எல்லோருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். ஐந்து ஆண்டு முடிவில் கணக்கு 26-க்குப் பூஜ்யம்.

26 சதவிகிதம் என்பது கொண்டாடுகிற எண் இல்லை என்று எனக்கும் தெரியும். நான்கில் மூன்று பேர் பிழைக்கவில்லை. ஆனால் பூஜ்யத்திலிருந்து 26 என்பதை, 'சும்மா போட்டுப் பாக்குறாங்க' என்று சொல்ல முடியாது.

அதற்கப்புறம் 2012-ல் நெதர்லாந்திலிருந்து வந்த 'கிராஸ்' ஆய்வு, இந்தச் சேர்க்கையை ஆபரேஷனுக்கு முன்னால் வைத்தது. வாரம் ஒரு முறை கார்போபிளாட்டின், பேக்ளிடாக்சல் கீமோ; 23 நாளில் 41.4 கிரே கதிர்வீச்சு; பிறகு ஆபரேஷன். நேராக ஆபரேஷனுக்குப் போனவர்களின் நடுமதிப்பு ஆயுள் 24 மாதம். முதலில் கீமோ-ரேடியேஷன் பெற்றவர்களுக்கு 49 மாதம். கட்டி சுத்தமாக, ஓரம் மிச்சமில்லாமல் வெளியே வந்தது 69 சதவிகிதத்திலிருந்து 92 சதவிகிதமாக உயர்ந்தது. நம் ஊரில் அதிகம் பார்க்கப்படும் ஸ்குவாமஸ் வகையில், கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஆபரேஷனில் எடுத்த உணவுக்குழாயில் புற்றுசெல்லே மிச்சமில்லை.

'ஸ்குவாமஸா, அடினோவா?' என்று பயாப்சி ரிப்போர்ட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புகையிலை, மது, கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது போன்றவற்றோடு தொடர்புடையது ஸ்குவாமஸ். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-ல் அறிவித்தது. நீண்டகால நெஞ்செரிச்சல், உடல்பருமன் ஆகியவற்றோடு தொடர்புடையது அடினோ. இது உணவுக்குழாயின் கீழ்முனையில் வரும். அடினோ வகைக்கு ரேடியேஷன் இல்லாமல், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கீமோ மட்டும் தரும் முறை இப்போது முன்னுக்கு வந்திருக்கிறது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த சிகிச்சையும் உங்கள் வீட்டுச் சிகிச்சையும் வேறாக இருந்தால் பதற வேண்டாம்.

ரெண்டும் ஒண்ணா எப்படி வேலை செய்யுது?

நம் ஊரில் ரேடியேஷனுக்குப் பெயர் 'கரன்ட் வைக்கிறது'. அதில் கரன்ட் எதுவும் உடம்புக்குள் போவதில்லை; எக்ஸ்ரே மாதிரிதான், ஆனால் சக்தி பல மடங்கு அதிகம். அது செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ இழையை உடைக்கிறது. உடைந்த இழையைப் புற்றுசெல் சில மணி நேரத்தில் ஒட்டுப்போட்டுச் சரிசெய்யப் பார்க்கும். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்து அந்த ஒட்டுவேலையைக் கெடுக்கிறது. பேக்ளிடாக்சல், கதிர்வீச்சு மிக எளிதாகக் கொல்லக்கூடிய கட்டத்தில் செல்லை நிறுத்திவைக்கிறது. இதோடு, கீமோ ரத்தத்தில் உடம்பு முழுக்க ஓடுவதால், ஸ்கேனில் தெரியாத அளவுக்கு எங்காவது ஒளிந்திருக்கும் செல்களையும் தேடிப் போகும். கதிர்வீச்சு குறிவைத்த இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும்.

அதனால்தான் முதலில் ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றை ஆரம்பிக்காமல், ஒரே வாரங்களில் கொடுக்கிறார்கள்.

"அப்ப கரன்டைக் கொஞ்சம் கூடுதலா வெச்சா சீக்கிரம் கரையுமே?" என்று பெரியப்பாவே கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 50.4 கிரேயையும் 64.8 கிரேயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2002-ல் வந்த முடிவு: கூட்டியதில் பலன் கூடவில்லை.

ஐந்தரை வாரம்

பெரியப்பாவுக்கு 28 நாள் கரன்ட், வாரம் ஒரு கீமோ. திங்கள் முதல் வெள்ளி வரை போக வேண்டும். சனி, ஞாயிறு விடுமுறை. அந்த இரண்டு நாளில் நல்ல செல்கள் கொஞ்சம் தேறிக்கொள்ளும்.

தொடங்குவதற்கு முன்பே ஒரு வாரத்துக்கு மேல் போய்விடும். சி.டி ஸ்கேன் எடுத்து, நெஞ்சில் மையால் குறி போட்டு, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் எவ்வளவு குறைவாகக் கதிர் படும்படி செய்யலாம் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவார்கள். "இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, கட்டி வளர்ந்துட்டா?" என்று துடித்தோம். அந்தக் கணக்குதான் சிகிச்சையின் முதுகெலும்பு என்று அப்புறம்தான் புரிந்தது. குறியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடக் கூடாது. பெரியம்மா பழக்கதோஷத்தில் ஒரு நாள் தேய்த்துவிட்டு அழுதார். மறுபடி வரைந்துகொடுத்தார்கள்.

மெஷினில் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். வலிக்காது, சுடாது. வீட்டுக்கு வந்து பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து தரப்படும் இந்தக் கதிர்வீச்சு உடம்பில் தங்காது, அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. எங்க வீட்டில் கர்ப்பிணியான அண்ணியை ஒரு வாரம் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். தேவையே இல்லை. கீமோ கொடுத்த இரண்டு நாளுக்கு மட்டும் வாந்தி, சிறுநீர் சுத்தம் செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்; அந்த வேலையைக் கர்ப்பிணிகள் செய்யாமல் இருப்பது நல்லது.

முதல் இரண்டு வாரம் சமாளித்துவிட்டார். சோர்வு, குமட்டல், நாக்கில் உலோக ருசி. அவ்வளவுதான்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஆரம்பித்தது. எச்சில் விழுங்கினாலே நெஞ்சுக்குள் கத்தி இறங்குகிற மாதிரி வலி. முன்பு சாப்பாடு சிக்கியது, இப்போது தண்ணீரே எரிகிறது. நான்காவது வாரம், புதன்கிழமை காலையில், ஆட்டோ வந்து வாசலில் நிற்கிறது. பெரியப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "வியாதியோட இருந்தப்பகூட கஞ்சி குடிச்சேன்டா. இந்த வைத்தியம் என்னைக் கொன்னுடும். நான் வரல."

உணவுக்குழாய் புற்றுநோய்க்கு கீமோ-ரேடியேஷன் எடுக்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய கட்டம் இதுதான். சிகிச்சை நோயைவிட மோசமாகத் தெரியும் ஒரு காலம் வரும். கதிர்வீச்சு படும் பாதையில் உணவுக்குழாயின் உள்தோல் புண்ணாகிறது. இது சிகிச்சை தோற்றதற்கான அடையாளம் இல்லை. கட்டி வளர்ந்ததும் இல்லை. கடைசி கரன்ட் முடிந்து ஒன்றிரண்டு வாரம் வரைக்கும் வலி ஏறும். பிறகு, சில வாரங்களில் புண் ஆறும்.

ஆனால் பலர் நிறுத்துவது இங்கேதான். பாதியில் விட்டால் பாதிப் பலனாவது இருக்கும் என்று தோன்றும். இடைவெளி கிடைத்தால் தப்பிய புற்றுசெல்கள் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும் என்பதுதான் பிரச்னை. மெஷின் ரிப்பேர், பண்டிகை விடுமுறை என்று ஒரு நாள் போனால்கூட, சனிக்கிழமை வரவழைத்து ஈடுகட்டப் பார்ப்பார்கள். அவ்வளவு கணக்காக இருக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கும்தானே.

அன்றைக்கு அக்கா மருத்துவமனைக்குப் போன் செய்தாள். "வலிக்குதுன்னு ஏன் முன்னாடியே சொல்லல? கூட்டிட்டு வாங்க" என்றார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்க, தொண்டையை மரத்துப்போகச் செய்யும் சிரப். நேரத்துக்கு நேரம் திரவ வலிமருந்து. வாயிலும் தொண்டையிலும் வெள்ளையாகப் படிந்திருந்த பூஞ்சைக்குத் தனி மருந்து. பெரியப்பா வலியைச் சொல்லாமல் ஒரு வாரம் தாங்கியிருக்கிறார், சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்று! நிறுத்தச் சொன்னதும் அவர்தான், நிறுத்திவிடுவார்களோ என்று பயந்ததும் அவர்தான். பயம் அப்படித்தான் வேலை செய்யும் போல.

வலி தவிர உடனே ஓட வேண்டிய அறிகுறிகளும் உண்டு. 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், ராத்திரி இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்; கீமோவால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் கிருமித் தொற்று மணிக்கணக்கில் ஆபத்தாகும். பாராசிட்டமால் போட்டுக் காலை வரை பார்ப்போம் என்ற பழக்கம் இங்கே உதவாது. தண்ணீர் குடித்தவுடன் ஒவ்வொரு முறையும் புரையேறி இருமினால், உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம். ரத்த வாந்தி, சிறுநீர் குறைவது, காதில் இரைச்சல், விரல் நுனி மரத்துப்போவது இவற்றையும் சொல்ல வேண்டும்.

கஞ்சித்தண்ணி போதாது

இந்த சிகிச்சையில் பாதி வேலை சமையலறையில் நடக்கிறது. எடை மளமளவென்று குறைந்தால் உடம்பு கீமோவைத் தாங்காது. குறி போட்ட கணக்கே மாறிப்போகும்.

எங்க வீட்டில் செய்த பெரிய தப்பு, 'கஞ்சி குடுக்குறோம்' என்ற திருப்தி. வடித்த கஞ்சித்தண்ணி வயிற்றை நிரப்பும். உடம்புக்கு எதுவும் போகாது. மருத்துவமனையின் உணவு ஆலோசகர் போட்ட கணக்கு எளிமையானது: ஒரு கிலோ எடைக்குத் தினமும் சுமார் 30 கலோரி, ஒன்றே கால் கிராம் அளவு புரதம். 60 கிலோ மனிதருக்கு 1,800 கலோரி, 75 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு. எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு டம்ளர்.

பெரியம்மா கண்டுபிடித்தவை: சத்துமாவுக் கஞ்சியில் பாலும் ஒரு ஸ்பூன் நெய்யும். நன்கு வேகவைத்த முட்டையை மிக்ஸியில் பாலோடு அடித்து வடிகட்டியது. குழைய வெந்த பருப்போடு சாதத்தை அரைத்து, மிளகாய் இல்லாமல். மீனை ஆவியில் வேகவைத்து முள்ளெடுத்து அரைத்த சூப். அது இல்லாமல் அவருக்கு நாள் போகாது. புளி, தக்காளி, எலுமிச்சை, காரம் எல்லாம் புண்ணில் எரியும். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கொதிக்கும் டீ வாழ்நாள் முழுக்க இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டு, ஒரு மணி நேரமாவது படுக்காமல் இருப்பது.

அப்படியும் இறங்கவில்லை என்றால் டியூப். மூக்கு வழியாக விடும் டியூபைப் பார்த்தவுடன் சொந்தக்காரர்கள் முகம் மாறிவிடும், கடைசிக் கட்டம் என்று. இது சிகிச்சையை முடிப்பதற்கான ஏற்பாடு. புண் ஆறியதும் எடுத்துவிடுவார்கள். வயிற்றில் டியூப் போடச் சொன்னால் மட்டும், அறுவை சிகிச்சை மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பின்னாளில் அதே இரைப்பையைத்தான் புது உணவுக்குழாயாக்கப்போகிறார்கள் என்றால், இரைப்பையைத் துளைக்காமல் சிறுகுடலில் போடுவதைப் பலர் விரும்புவார்கள். நாட்டு மருந்து, லேகியம், சப்ளிமென்ட் எதைக் கொடுப்பதாக இருந்தாலும் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் கீமோவே வேலை வைத்துக்கொண்டிருக்கிறது.

செலவு பற்றி: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, புற்றுநோய் சிகிச்சைகள் அதில் வரும். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் தயாராக இல்லாமல் அலைவதில் ஒரு வாரம் போகும். பயாப்சி ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாளிலேயே அந்த வேலையை யாராவது ஒருவர் கையில் எடுத்துக்கொள்வது நல்லது.

முடிந்த பிறகு

28-வது நாள் முடிந்தது. கேக் எல்லாம் வெட்டவில்லை. அவரால் அதைச் சாப்பிட முடியாது. மூன்று வாரம் கழித்துதான் வலி இறங்கத் தொடங்கியது.

எட்டாவது வாரம் மறுபடி எண்டோஸ்கோபி, ஸ்கேன். இங்கே பாதை பிரிகிறது. கட்டி சுருங்கி, உடம்பும் தாங்கும் என்றால் ஆபரேஷன். கழுத்துப் பக்கம் மேல் முனையில் உள்ள கட்டிகளுக்கு, குரல்வளையை இழக்க நேரிடும் என்பதால் பெரும்பாலும் கீமோ-ரேடியேஷனோடு நிறுத்திக் கண்காணிப்பார்கள். ஸ்குவாமஸ் வகையில் கட்டி முழுமையாக மறைந்திருந்தால், ஆபரேஷனைத் தள்ளிவைத்து அடிக்கடி சோதிப்பதும் ஒரு வழி. திரும்பினால் அப்போது ஆபரேஷன். நெதர்லாந்தில் இதைத் தனியாகவே ஆய்வு செய்து, நெருங்கிக் கண்காணித்தால் ஆயுளில் பின்னடைவு தெரியவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் 'நெருங்கி' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர முடியாதவர்களுக்கு அது சரியான வழி இல்லை.

பெரியப்பாவுக்கு எண்டோஸ்கோபியில் கட்டி தெரியவில்லை. எடுத்த சதையிலும் புற்றுசெல் இல்லை. இதயத்தில் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர் என்பதால், பெரிய ஆபரேஷனுக்குப் பதில் கண்காணிப்பு என்று முடிவானது. புகையிலை டப்பாவைக் கடைப் பையனிடம் கொடுத்துத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்.

ஐந்தாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி நெஞ்சில் நின்றது. யாரும் எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கே மருத்துவமனை வாசலில் இருந்தோம். எண்டோஸ்கோபி பார்த்த மருத்துவர், கதிர்வீச்சு பட்ட இடம் தழும்பாகிச் சுருங்கியிருக்கிறது, நிறைய பேருக்கு வருவதுதான் என்றார். பலூன் வைத்து விரித்துவிட்டார். சந்தேகத்துக்குச் சதை எடுத்து அனுப்பினார். நான்கு நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் நோய் இல்லை. பலூன் இன்னும் இரண்டு மூன்று தடவை தேவைப்படலாமாம். அடுத்த எண்டோஸ்கோபி ஆவணி மாதம். கடைக் காலண்டரில் பெரியம்மா சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.